சென்டிமீட்டர் பேசும், இஞ்ச் கேட்கும்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனிதகுலம் பெருமைப்பட வேண்டியது எங்கள் 'உணரிகள் ஒத்துப்பேசும் தரநிலைத் துணைக்குழு'வை நினைத்துத்தான். அதன் செயலாளர் அடியேன்.

தாராவியில் ஒரு சந்து. மழை பெய்தால் அங்கே சாக்கடை பொங்கும். எங்கள் குழு உறுப்பினர் ஸ்ரீலேகாவின் கம்பெனி அதில் ஓர் உணரியை, அதாவது சென்சாரை, பொருத்தியது. யாரையும் கேளாமல், இருந்த இடத்திலேயே யோசித்து, வெள்ளம் வருமுன் சொல்லிவிடும் பெட்டி. இன்னோர் உறுப்பினர் மகேஷ்குமாரின் கம்பெனி சந்து முனையில் அபாயச் சங்கு வைத்தது. உணரி சென்டிமீட்டரில் பேசியது. சங்குக்கு இஞ்ச்தான் புரியும். இவ்வகைக் கருவிகளின் அறிவை 'விளிம்பு அறிவு' என்பார்கள். அறிவு விளிம்பில் இருந்தது. மையத்தில் நாங்கள் இருந்தோம்.

இதைத் தீர்க்க மாட்டுங்கா அலுவலகத்தில் பதினொரு முறை கூடினோம்.

"இஞ்சை விட முடியாது. கம்பெனி மானம்!" என்றார் மகேஷ்குமார்.

"சென்டிமீட்டர் எங்க கொள்கை," என்றார் ஸ்ரீலேகா.

"ரெண்டும் சரிதான். மினிட்ஸ்ல போட்டுடுங்கோ," என்றார் தலைவர் வேங்கடசுப்ரமணியன். ஒருமனதாக வடை சாப்பிட்டோம்.

பன்னிரண்டாம் கூட்டத்தன்று பேய் மழை. மதியம் இரண்டு பத்துக்கு ஸ்ரீலேகாவின் போன் கிணுகிணுத்தது.

"சார், உணரி வெள்ளத்தைப் பிடிச்சுடுத்து! அரைமணியில சந்துக்குள்ள வந்துடும்!"

"பேஷ்! சங்கு?" என்றார் தலைவர்.

"அரே, அது எப்படி ஊதும்? இஞ்ச்ல சொல்லலியே," என்றார் மகேஷ்குமார் பெருமிதமாக.

உணரியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றிக் கைதட்டினோம்.

மறுநாள் அந்தச் சந்தில் தையல் பட்டறை நடத்தும் பேராச்சி சேறு காயாத சேலையோடு அலுவலகம் வந்தார்.

"ஒங்களுக்கு எப்பய்யா தெரியும்?"

"ரெண்டு பத்துக்கு அம்மா. துல்லியமாக!"

"எங்களுக்குத் தண்ணி முட்டு வரைக்கும் வந்த பொறவுதான்யா தெரியும். நடக்க மாட்டாத ஞானசீலன் அண்ணாச்சிய கட்டிலோட தூக்குனோம். கட்டிலு சாஞ்சு தண்ணிக்குள்ள விழுந்துட்டாவ. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரில கெடக்காவ. ஆறு மிசினும் போச்சு."

ஆழ்ந்த அனுதாபத்தைக் குறித்துக்கொண்டேன்.

"எங்க நம்பரெல்லாம் எழுதி வாங்கிட்டுப் போனீயள்லா? ஒரு போன் அடிச்சா என்னய்யா?"

அம்மையாருக்கு நடைமுறை தெரியவில்லை. தொலைபேசி எங்கள் குழுவின் வரம்புக்குள் வராது. அன்று எங்கள் நால்வரின் போன்களும் மேசைமேல்தான் இருந்தன. நான்கும் நான்கு வெவ்வேறு கம்பெனித் தயாரிப்பு. எதிலிருந்து கூப்பிட்டிருந்தாலும் அவருடைய போன் அடித்திருக்கும்.