இரட்டைக் கொலைகாரனும் வியாழக்கிழமை டீயும்

கொலைகாரன் யார் என்று நான்தான் கண்டுபிடிப்பேன், அதை என் பெயரோடு டிவியிலேயே சொல்ல வைப்பேன், அதுவரை தலைக்கு எண்ணெய் வைக்கமாட்டேன் என்று சபதம் செய்தேன். தலையில் முடி அவ்வளவாக இல்லாததால் சபதத்தைக் காப்பாற்றுவதில் சிரமம் ஏதும் இருக்கவில்லை.

செங்கல்பட்டு பஜாரில் என்னைத் தெரியாதவர்கள் இருக்கமுடியாது. 'கியாசுதீன் & சன்ஸ், குடை, டிரங்குப் பெட்டி வியாபாரம்' என்று போர்டு தொங்குகிறதே, அந்தக் கியாசுதீன் நான்தான். சன்ஸ் இன்னும் பிறக்கவில்லை. பிறந்த மூன்றும் பெண்கள். ஆனால் போர்டு முன்யோசனையோடு எழுதப்பட்டது. எழுபத்தெட்டாம் வருஷம் எங்கள் தெருவில் முதன்முதலாக டிவி வாங்கியவனும் நான்தான். மொட்டைமாடியில் நாற்பதடி இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஏரியலைக் கட்டினேன். படாளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் அந்தக் குழாயைப் பார்த்ததும், ஊர் வந்துவிட்டதென்று மூட்டையை எடுத்துக்கொள்வார்களாம். இதை நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை ஏழரை மணிக்கு 'பூட்டிய ரைஸ் மில்' என்று ஒரு தொடர் நாடகம். சின்ன ஊர் ஒன்றில் மில் முதலாளியை யாரோ மில்லுக்குள்ளேயே தீர்த்துக்கட்டி, வெளியே பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். டாக்டர், கம்பவுண்டர், போஸ்ட்மாஸ்டர், முதலாளியின் மைத்துனன் என்று நாலு பேர்மேல் சந்தேகம். ஒவ்வொரு வாரமும் முடியப் போகிற நேரத்தில், கம்பளி போர்த்திய ஓர் உருவம் மில் சுவரோரமாக நடக்கும். முகம் தெரியாது. அதோடு அந்த வாரத்துக் கதை முடிந்துவிடும்.

அன்றைக்குத் தெருவே என் வீட்டுக் கூடத்தில்தான். மகாபலிபுரத்தில் சங்குக் கடை வைத்திருக்கும் ஏசுபாதம் நாலு மணிக்கே கடையை மூடிவிட்டு பஸ் ஏறிவிடுவார். பக்கத்து வீட்டு சடையப்பன், தாலுகா ஆபீஸ்காரர், சொந்த நாற்காலியோடு வருவார். எப்படியும் இருபது பேர் தேறும். வந்தவர்களுக்கு டீ கொடுக்காமல் அனுப்பினால் எங்கள் குடும்பத்துக்கே இழுக்கு. டீ போடுவது என் மனைவி சைதூன். கம்பளி உருவம் வருகிற நேரத்துக்குச் சரியாக டீயும் வரவேண்டும் என்பது என் ஏற்பாடு. அப்போதுதானே எல்லோருக்கும் தொண்டை காய்ந்திருக்கும்.

எட்டாவது வாரம் சைதூன் எல்லோர் முன்னாலும் வாய் திறந்தாள்.

"ஒரு வாரமாவது நானும் உக்காந்து பாக்குறேங்க. அந்தக் கம்பளிய இன்னும் ஒளுங்கா கண்ணால பாத்ததில்ல."

"அப்போ டீ யாரு போடறது?"

"நீங்க போடுங்களேன்."

கூடமே சிரித்தது. நானும் பெரிய மனது பண்ணிச் சிரித்தேன். அவள் காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாடகத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நேயர்களின் கருத்துகளை வாசிப்பார்கள். பல்லாவரத்து அம்மாள் ஒருத்தியின் கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டார்கள். அன்றைக்கெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பதடிக் குழாய் வைத்திருப்பவன் கருத்தைவிடப் பல்லாவரத்தின் கருத்து எப்படி உசத்தியாகும்? உடனே ஐம்பது போஸ்ட் கார்டு வாங்கினேன். நான் எதையும் மொத்தமாகச் செய்கிறவன். ஐம்பதிலும் அடியில் கடை ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, ஒரே மூச்சில் கையெழுத்தும் போட்டுவைத்தேன். வாரா வாரம் மேலே கருத்தை எழுதினால் போதும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது சைதூன் தபால் பெட்டியில் போட்டுவிடுவாள்.

என் கருத்து சாமானியமான கருத்து இல்லை. மற்றவர்கள் கண்ணில் படாத ஒன்று என் கண்ணில் பட்டது. கம்பளி உருவம் சுவரோரமாக நடக்கும்போது ஒன்று இல்லை, இரண்டு. ஒருவன் பின்னால் ஒருவன், ஒரே உயரம், ஒரே நடை. ஒரு நிமிஷம் கழித்து ஒருவன் மறைந்துவிடுகிறான். ஆக, கொலைகாரன் இரட்டைப் பிள்ளை. ஒருவன் கொலை செய்யும்போது மற்றவன் ஊருக்கு நடுவே நின்று தன்னைக் காட்டிக்கொள்கிறான். நான் இதைச் சொன்னதும் ஏசுபாதம் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மூளை பாய் உங்களுக்கு. போலீஸுல இருக்க வேண்டிய ஆளு, குடை வித்துகினு கீறீங்க."

எனக்கும் அந்த வருத்தம் உண்டு என்றேன்.

அடுப்பங்கரையிலிருந்து சைதூன் குரல் கொடுத்தாள். "ஒருத்தன்தாங்க. கம்பளிக்காரன் வர்றப்போ ஒரு செருமல் கேக்குது பாருங்க. கம்பவுண்டரு மருந்து குடுக்குறப்பவும் அதே செருமல்தான்."

காதால் கேட்டுக் கொலைகாரனைப் பிடிக்கமுடியுமானால் டிவி எதற்கு, ரேடியோ போதாதா என்று கேட்டேன். சடையப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிப் பொடி எழுத்தில் ஒரு கார்டு எழுதி, மறுநாள் காலை அவளிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரமும் ஒன்று. அதற்கடுத்த வாரமும் ஒன்று.

கடைசி வாரம் வந்தது. கூடத்தில் ஊசி குத்த இடமில்லை. என் நாற்காலியில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் என் பெயர் வராவிட்டால் குழாயைப் பிடுங்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவதாகக் காலையிலேயே பஜாரில் அறிவித்திருந்தேன்.

டிவியில் கடிதம் வாசிக்கும் அம்மாள் ஒரு கார்டைக் கையில் எடுத்தார். செங்கல்பட்டிலிருந்து ஜனாப் கியாசுதீன் எழுதியிருக்கிறார் என்றார்.

கூடம் அதிர்ந்தது. ஏசுபாதம் என்னைக் கட்டிக்கொண்டார். இதுவரை வந்த கடிதங்களில் கொலைகாரன் யார் என்று காரணத்தோடு சரியாக எழுதியவர் இவர் ஒருவர்தான், கொலைகாரன் பெயரை மட்டும் இப்போது சொல்லமாட்டோம் என்று அந்த அம்மாள் சிரித்தார். என் கண் கலங்கிவிட்டது. பெருமை தாங்கமுடியவில்லை. பல்லாவரத்து அம்மாளை நினைத்து இரக்கப்பட்டேன்.

மிச்சக் கடிதத்தையும் வாசித்தார்.

"இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. அடுப்பங்கரையில் டீ போட்டுக்கொண்டே, காதால் மட்டும் கேட்ட என் மனைவி சைதூன் பீவி. இத்தனை வாரமாக அவரை ஒரு நாள்கூட உட்கார விடாததை நினைத்து வெட்கப்படுகிறேன். ஆகவே கடைசி வாரம் முதல் வியாழக்கிழமை டீ என் பொறுப்பு. டிவி வைத்திருக்கும் ஆண்மக்கள் அனைவரும் இதைக் கடைப்பிடிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

இப்படிப்பட்ட கணவர் வீட்டுக்கு ஒருவர் இருந்தால் நாடே உருப்படும் என்று அந்த அம்மாள் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்தார். கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். சடையப்பனின் சம்சாரம் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் நாற்காலி ஆடியது.

எழுதியது நான் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் என் பெயர் டிவியில் வரவே இல்லை என்று ஆகிவிடும். கை தட்டியவர்களுக்கு ஒரு சலாம் வைத்தேன்.

சைதூன் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். நான் எழுந்தேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாலு அடுப்புல கீதுங்க. தூளு பச்ச டப்பாவுல."

நாடகம் ஆரம்பித்துவிட்டது. கிளாஸ்களைக் கழுவி, அடுப்பைப் பற்றவைக்கவே எனக்குக் கால் மணி ஆயிற்று. அடுப்பங்கரையில் மூன்று பச்சை டப்பா இருந்தது. ஒன்றில் கடுகு, ஒன்றில் கசகசா. மூன்றாவதைத் திறப்பதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து ஏசுபாதம் கத்தினார், "பாய், ரெண்டு பேரும் வந்துகினு கீறானுங்க."

அதே சமயம் அடுப்பங்கரை ஜன்னல் தடதடவென்று ஆடியது. வெளியே ஏழு ஐம்பது ரயில் வீட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியும் தாண்டியது.

"இப்போ ஒருத்தன்தான் கீறான் பாய்."

கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எட்டாவது வாரமும் ஏழு ஐம்பது. ஒன்பதாவது வாரமும் ஏழு ஐம்பது. ரயில் போகும்போதெல்லாம் என் ஏரியலில் படம் இரண்டாகத் தெரிந்திருக்கிறது. நான் அந்த ரயிலுக்கு இரட்டைப் பிரசவம் பார்த்திருக்கிறேன்.

டீத்தட்டோடு கூடத்துக்குப் போனபோது நாடகம் முடிந்து கம்பவுண்டர் கையில் விலங்கு மாட்டியிருந்தது. எல்லோரும் என்னைத் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள். அப்போ இரட்டைப் பிள்ளை என்னவாயிற்று என்று சடையப்பன் மட்டும் கேட்டார். உங்களைச் சோதித்துப் பார்த்தேன் என்றேன். நம்பிவிட்டார்.

எல்லோரும் போனபிறகு சைதூனைக் கூப்பிட்டு, நான் எழுதிய கார்டெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"பத்திரமா வெச்சிகினு கீறேன். அது போயிருந்தா மானம் கப்பலேறி இருக்கும்."

"அப்போ இந்தக் கார்டு?"

"நீங்க கையெழுத்துப் போட்டு வெச்சதுதாங்க. இன்னும் நாப்பதுக்கு மேல கீது."

இப்போது புது நாடகம் நடக்கிறது. இருபத்தாறு வாரமாம். என் பெயர் இதுவரை நாலு தடவை டிவியில் வந்துவிட்டது. பஜாரில் யாராவது என் கருத்து பிரமாதம் என்று பாராட்டினால், நான் என்ன எழுதினேன் என்று வீட்டுக்கு வந்து சைதூனைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். வியாழக்கிழமை கூடத்தில் நேயர்களும் தவறாமல் கருத்துச் சொல்கிறார்கள். என் டீயில் சர்க்கரை பற்றவில்லையாம்.