மாப்பிள்ளை ஆடிய குவாவ் ஆட்டம்

பெண் வீட்டார் பார்க்க வரும் நாளில் ஆண்பிள்ளைக்குப் பாதிப் புத்திதான் வேலை செய்யும். எனக்கு அந்தப் பாதியும் எங்கோ போயிருந்தது.

அப்போது சிங்கப்பூர்த் தேக்காவில் பறவைக் கடை வைத்திருந்தேன். கப்பல்காரர்களுக்கு உயிருள்ள பறவைகள், சீமாட்டிகளின் தொப்பிக்கு இறகுகள். கடையின் பெருமை, ஜோகூர்க் காட்டிலிருந்து வந்த ஒரு குவாவ் சேவல். மயிலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறகை விரித்தால் பெரிய விசிறி. அது முழுக்கக் கண்கள்.

பெண்ணின் வாப்பா, ஜவுளி வியாபாரி, கடைக்குள் வந்தார். மகள் கதீஜாவும் அவள் உம்மாவும் வாசலில், திரை போட்ட குதிரை வண்டியிலேயே இருந்தார்கள்.

"ஆடும்னு சொன்னீங்களே, தம்பி?"

"இதோ ஆடிடும் மாமா."

குவாவ் ஆடவில்லை. சீட்டியடித்தேன், கெஞ்சினேன். கடைசியில் (எந்தச் சைத்தான் சொன்னதோ) தோளில் கிடந்த சால்வையைத் தலைக்கு மேல் விரித்துக் குனிந்து, "இப்படித்தான் மாமா" என்று ஆடியே காட்டினேன். சேவல் சிறகுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு, பெட்டை பார்க்கிறதா என்று இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கும். நானும் எட்டிப் பார்த்தேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

அப்போதுதான் குவாவ் ஆடத் தொடங்கியது. என்னைப் பார்த்து!

"உங்களைப் பெட்டைன்னு நெனச்சிருச்சு போல" என்றார் மாமா. முகத்தில் சிரிப்பே இல்லை.

வண்டித் திரைக்குள்ளிருந்து கதீஜாவின் குரல் வந்தது. "வாப்பா, இதை எப்படிப் புடிச்சாங்கன்னு கேளுங்க."

மானம்தான் போயிற்று, அறிவையாவது காட்டலாம் என்று விளக்கினேன். காட்டில் இந்தச் சேவல் தான் ஆடும் இடத்தைத் தானே சுத்தமாக வைத்திருக்கும். ஓர் இலை விழுந்தாலும் வந்து அகற்றும். அங்கேதான் கண்ணி வைப்பார்கள்.

"ஜோடி தேடுற இடத்துலயா?" என்றாள் திரைக்குள்ளிருந்து.

மாமா போய் ஏறிக்கொண்டார். வண்டி போய்விட்டது.

மறுநாள் மாமா ஆள் அனுப்பினார். பறவை காட்டுக்குப் போக வேண்டும், நான் வேறு தொழில் பார்க்க வேண்டும். அப்படியானால் கதீஜாவுக்குச் சம்மதம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூண்டருகே போனேன். குவாவ் ஆடிக்கொண்டிருந்தது. எதிரே வெறும் சுவர்தான். அதைப் பார்த்த பிறகு கோபம் போன இடம் தெரியவில்லை.

தீவின் வடகோடி வரை ரயில், அங்கிருந்து படகு. ஜோகூர்க் காட்டுக்குள் நடந்துபோய்க் கூண்டைத் திறந்தேன். அது மெல்ல வெளியே வந்தது, கழுத்தை நீட்டிப் பார்த்தது, புதருக்குள் நடந்து மறைந்தது. வெறுங்கூண்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

பறவைக் கடை கோரைப்பாய்க் கடையானது. கல்யாணமும் நடந்தது. இப்போது பேரப்பிள்ளைகள் கதீஜாவைச் சூழ்ந்துகொண்டு கேட்பார்கள்: "அன்னிக்கு யாரு நல்லா ஆடினாங்க?"

"குவாவ்தான்" என்பாள். ஒரு தடவையாவது யோசித்துச் சொல்லலாம்.