மவுசர் சாரும் வெளிச்சம் கக்கும் துப்பாக்கிகளும்

அண்டவெளியில் எத்தனை கிரகங்கள் இருந்தாலும், அத்தனை கிரகத்துச் சண்டைகளுக்கும் ஆயுதம் போனது பூமியிலிருந்துதான் என்பதைச் செங்கல்பட்டு ஜனங்களுக்கு எடுத்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் லாட்ஜ் மானேஜர். அவர் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால், லேசர் துப்பாக்கி என்று ஒன்று நிஜமாகவே இருப்பதாக நாங்கள் இன்னும் நம்பிக்கொண்டிருப்போம்.

தொண்ணூறுகளின் நடுவில், ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய அந்த லாட்ஜில் மாத வாடகைக்கு இருந்த பிரம்மச்சாரிகளில் நானும் ஒருவன். மானேஜர் அச்சரப்பாக்கத்துக்காரர். ராணுவத்தில் துப்பாக்கி ரிப்பேர் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சட்டையில் கஞ்சி, மீசையில் மை, பேச்சில் பாதி அதட்டல்.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. எதையும் காலி என்று யாராவது சொன்னால் நம்பமாட்டார். "ரூம் காலி சார்" என்றால் நேரே போய்க் கதவைத் திறந்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து, அலமாரியையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குச் சாவி கொடுப்பார். கீழே மெஸ்ஸில் சாம்பார் தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும் அதே கதைதான்.

"காலியா? மூடியத் தொறந்து காட்டு."

"சார், சத்தியமா காலி சார்."

"சத்தியம்லாம் வேணா. தொற."

வாளியைத் திறந்து காட்டினால்தான் ரசத்துக்குப் போவார். பல நாள் வாளியின் அடியில் இரண்டு கரண்டி சாம்பார் கிடக்கும், அதுவும் அவர் இலைக்கே வந்து சேரும்.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். அப்போதுதான் வெளிநாட்டு விண்வெளிப் படங்கள் தமிழ் பேச ஆரம்பித்திருந்தன. எங்கள் ஊர் டாக்கீஸில் ஒரு படம். விண்வெளிக் கொள்ளைக்காரன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுகிறான். தியேட்டரே விசிலடிக்கிறது. எங்கள் வரிசையில் நடுவிலிருந்து ஒரு உருவம் எழுந்து நின்றது, எங்கள் மானேஜர்.

"ஏய், அது மவுசர்யா! ஜெர்மன்காரன் கைத்துப்பாக்கி! தாத்தா காலத்து சாமான். மேல ஒரு தூரக்கண்ணாடிய மாட்டி, மூக்குல குழாய சொருகிட்டா லேசர் ஆய்டுமா?"

தியேட்டர் வாசலில் கடை வைத்திருந்த சோடாக்காரர் தரை டிக்கெட்டிலிருந்து கத்தினார். "யோவ் மவுசரு, குந்துய்யா! படம் மறைக்கிது!"

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். லாட்ஜில் வாடகை பாக்கி வைத்திருந்தவர்கள் மட்டும் பின்னால் ஒரு 'சார்' சேர்த்துக்கொண்டோம்.

அதன் பிறகு எந்த விண்வெளிப் படமும் எங்களுக்கு நிம்மதியாக ஓடவில்லை. வேற்றுக்கிரகப் படை அணிவகுத்து வந்தால், "கார்பைன்! மந்திரி வந்தா முன்னால ஜீப்புல போலீஸ்காரர் மடியில வெச்சிக்கினு போறாரே, அதேதான். குண்டு வெக்கிற மேகசின வெட்டிக் குட்டையாக்கிக்கீறான்" என்பார். ராட்சத பீரங்கி வந்தால், "முதல் உலகப்போர் மெஷின்கன். இன்னும் துருகூட போவல" என்பார். வில்லன் செத்து, கிரகம் வெடித்து, கதாநாயகன் கதாநாயகியைக் கட்டிப்பிடிக்கும் நேரத்தில்கூட அவன் தோளில் தொங்குவது என்ன மாடல் என்று சொல்லிக்கொண்டிருப்பார். சோடாக்காரர் வாராவாரம் "குந்துய்யா!" என்று கத்துவார். மவுசர் சார் உட்கார்ந்த சரித்திரம் கிடையாது.

போர்ப் படம், போலீஸ் படம் எதற்கும் மட்டும் வரவேமாட்டார். சும்மா டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். அதிலெல்லாம் துப்பாக்கி துப்பாக்கியாகவே வரும், இவருக்கு அங்கே என்ன வேலை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இப்படி இருக்கும்போது சென்னையிலிருந்து ஒரு கூட்டம் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்தது. டிவிக்கு விண்வெளித் தொடர் எடுக்கிறார்கள். பாறையும் மணலும்தான் செவ்வாய்க் கிரகம். அங்கே சீசன் நேரம், ரூம் கிடைக்கவில்லை. எனவே ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் எங்கள் லாட்ஜில் வந்து இறங்கினார்கள். மவுசர் சாரின் புகழைக் கேள்விப்பட்ட ஆர்ட் அசிஸ்டென்ட் ஒருவர் சவாலே விட்டார்.

"சண்டே ஷூட்டிங் வாங்க சார். நம்ம துப்பாக்கி உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் லாட்ஜே பஸ் ஏறியது. சோடாக்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். மவுசர் சார் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சட்டை மாற்றி, சென்ட் அடித்திருந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முதல்முறையாகச் சினிமாத் துப்பாக்கியை நேரில் பார்க்கப்போகிற படபடப்பு.

கடற்கரையில் வெள்ளிக் காகிதம் சுற்றிய உடையில் வில்லன் நின்றான். எதிரில் மண்டியிட்டவாறு கதாநாயகன். சூரியன் இறங்குவதற்குள் எடுத்தாக வேண்டிய ஷாட். வில்லன் துப்பாக்கியை நீட்டினான். நீளக் குழாய், சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக உறை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மேகசின்.

மவுசர் சார் முகம் மாறியது. "ஸ்டென்" என்றார் மெதுவாக. "ஒரிஜினல் ஸ்டென் மெஷின்கன். எவன்டா குடுத்தது இதை?"

வில்லனாக நடித்த பையனுக்கு வசனம் மறந்து சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியைக் கதாநாயகன் நெற்றியில் வைத்தபடியே சிரித்தான். அவ்வளவுதான். மவுசர் சார் பாய்ந்தார். கேமரா டிராலியின் தண்டவாளத்தைத் தாண்டினார், குடை பிடித்தவரைத் தள்ளினார், வில்லன்மேல் விழுந்து துப்பாக்கியை மணலுக்குத் திருப்பினார்.

"கீழ புடி! கீழ புடிடா! தொறந்து பாத்தியா? காலியான்னு தொறந்து பாத்தியா நீ?"

இழுபறியில் துப்பாக்கி மூன்றாக உடைந்தது. ஓட்டை போட்ட உறை, மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ்வின் உள் உருளை. குழாய், சைக்கிள் பம்ப். மேகசின், சில்வர் பெயின்ட் அடித்த டார்ச் லைட். டார்ச் மட்டும் மணலில் விழுந்தும் எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளிக் காகிதம் கிழிந்த வில்லன் ஜட்டியோடு எழுந்தான். டைரக்டர் தலையில் கைவைத்தார். சூரியன் இறங்கியே விட்டது. மொத்தக் கடற்கரையும் சிரித்தது. "ஸ்டவ்வப் போயி ஸ்டென்னுன்னுட்டாரே!" என்று எங்கள் ஆட்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் தைரியமில்லை. நான் உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவரே பேசினார்.

"அந்தப் பையன் சிரிச்சிக்கினே நீட்டுனான் தம்பி. என் பிரெண்டு ஒருத்தன், என்கூட ஒரே பெஞ்சுல வேல பாத்தவன். ரிப்பேருக்கு வந்த துப்பாக்கி. காலின்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். இன்னொருத்தன் வெளையாட்டா, சிரிச்சிக்கினேதான் அவன் மேல நீட்டுனான். உள்ள ஒரு குண்டு இருந்திச்சி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதான் இந்தக் கிரகத்துப் படம்லாம் புடிக்கும் எனக்கு. நான் தொடச்சி எண்ணெ போட்ட அதே கார்பைன்தான். ஆனா வெளிச்சந்தான வருது. பாக்க எவ்ளோ நல்லா கீது."

மறுநாளே ஊர் அவருக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டது. ஸ்டவ் சார். கடைத்தெருவில் பையன்கள் "ஸ்டென்னு! ஸ்டென்னு!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். மவுசர் சார் கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. வாயையே மூடிக்கொண்டார். டாக்கீஸ் பக்கம் போவதை நிறுத்தினார். ஒருநாள் மெஸ்ஸில் சாம்பார் காலி என்றார்கள். சரி என்று ரசம் வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் இனி பழையபடி வாய் திறப்பாரா என்ற பயம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

சில மாதம் கழித்துப் புது விண்வெளிப் படம் வந்தது. கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனோம். ஓரத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் கப்பல் கதவு திறந்து வீரர்கள் துப்பாக்கியோடு இறங்கினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். உதடு அசையவில்லை. தியேட்டரில் படத்தின் சத்தம் மட்டும்தான். இத்தனை வருஷத்தில் அந்தப் படங்கள் இவ்வளவு அமைதியாக ஓடி நான் பார்த்ததில்லை, சகிக்கவும் இல்லை.

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல். சோடாக்காரர்தான்.

"சார்! இன்னா துப்பாக்கி சார் அது?"

மவுசர் சார் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

"சொல்லு சார்! ஒண்ணும் பிரியல சார், சப்புனு கீது படம்!"

பால்கனியிலிருந்து இன்னொருவர் கேட்டார். பெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். "மவுசர் சார்! மவுசர் சார்!" என்று தியேட்டரே கூப்பிட ஆரம்பித்தது. ஸ்டவ் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

மெதுவாக எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் கரகரத்தது. "தொறந்து பாக்காம சொல்லக் கூடாது."

"பரவால்ல சார், சும்மா சொல்லு!"

திரையை உற்றுப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, பழைய அதட்டலோடு சொன்னார். "கார்பைன்தான்யா! பின்கட்டைய மடிச்சி வெச்சிக்கீறான்!"

கதாநாயகனுக்குக்கூட அப்படியொரு விசில் விழுந்ததில்லை. "இப்ப குந்து சார்" என்றார் சோடாக்காரர். அவர் சொல்லுக்கு மவுசர் சார் முதல்முறையாக உட்கார்ந்தார்.

பிறகு அவர் அக்காள் வீட்டோடு இருக்க அச்சரப்பாக்கம் போய்விட்டார். நான் நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வந்து விழுந்தேன். ஒருநாள் வேலை இல்லாத நேரத்தில் பார்த்தால், எந்தப் படத்தில் எந்த நிஜத் துப்பாக்கியை ஒப்பனை செய்து காட்டினார்கள் என்று இணையத்தில் யாரோ படத்தோடு போட்டுவைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தேடினேன். மவுசர், கார்பைன், முதல் உலகப்போர் மெஷின்கன் எல்லாமே அவர் சொன்னபடி இருந்தன. அன்றைக்குத் தியேட்டரே எழுந்து விசிலடித்ததே, அது மட்டும் கார்பைன் இல்லை. வேறு ஏதோ.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். எங்கள் ஊர் டாக்கீஸைப் பொறுத்தவரை அது கார்பைன்தான்.