பன்னிரண்டுக்கு மேல் லெவல் கிடையாது

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் ஒரு மனிதரைச் சாகடிக்க இரண்டு நிமிஷம் போதும். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, ஒரு சீல். தவறுதலாகச் சாகடித்துவிட்டால் உயிர் கொடுக்கவும் முன்பெல்லாம் வழி இருந்தது. மூன்று மாதம் நாயாய் அலைந்தால் கிடைத்துவிடும். அந்த வசதியும் போன கதைதான் இது.

அலுவலக இயக்குநர் கால் எலும்பு முறிந்து மூன்று வாரம் வீட்டில் கிடந்தார். சும்மா கிடந்திருக்கலாம். மைத்துனர் கொடுத்த வீடியோ கேம் ஒன்றை ஆடித் தொலைத்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தடித்த விதிப்புத்தகத்தைப் புரட்டி, பகடை உருட்டி ஆடும் பழைய ஆட்டத்திலிருந்து எடுத்த கேம் அது. புத்தகத்தில் இருபது லெவல் உண்டு. கேமில் மட்டும் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டார்கள். அந்த ஒழுங்கு அவருக்கு அப்படியே பிடித்துப்போய்விட்டது.

ஊன்றுகோலோடு வந்திறங்கியவர் முதல் காரியமாகச் சுற்றறிக்கை விட்டார். "நிர்வாகத் திறன் மேம்பாட்டினை முன்னிட்டு, அலுவலர்கள் அனைவரும் இன்று முற்பகல் முதல் முதலாம் லெவலில் இருப்பதாகக் கருதப்படுவர்."

ஃபைல் நகர்த்தினால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல். லெவல் ஏறினால் சக்தி. இரண்டாம் லெவலில் ஸ்டேப்ளர், நான்கில் முதுகு வைத்த நாற்காலி, ஐந்தில் மரணம் பதியும் அதிகாரம். மனுக்களுக்கு இருபது முகப் பகடை; பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒப்புதல். ஜனங்கள் கோபப்படுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? வாயாரப் புகழ்ந்தார்கள். "முன்னாடியெல்லாம் நடக்கவே நடக்காது. இப்ப இருபதுல ஆறு தடவை நடக்குதே!"

இறப்புப் பிரிவு குமாஸ்தா சுறுசுறுப்பானவள். மரணம் ஒன்றுக்குப் பத்துப் புள்ளி என்றதும் கை பரபரத்தது. நாலே மாதத்தில் பன்னிரண்டாம் லெவலைத் தொட்டாள். பன்னிரண்டைத் தொடும் கடைசி நாள் அவசரத்தில் நாற்பது படிவங்களைப் படிக்காமலே சீல் குத்தினாள். அதில் ஒன்று பெயர் குழம்பி அவளுடைய சொந்த மாமா தலையில் விழுந்துவிட்டது.

மாமாவுக்கு ஃபேன் ரிப்பேர் தொழில். ஐம்பத்தாறு வயது வரை கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர், பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவிடம் ஒருவழியாக மனசைப் பறிகொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணம். புதன்கிழமை கல்யாணப் பிரிவு எழுத்தர் பதிவேட்டைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார்: "மாப்பிள்ளை காலமாயிட்டாரே."

"அடப்பாவமே, என் கையாலயா!" என்று குமாஸ்தா இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், தப்பா பதிஞ்சுட்டேன். அவர் உசுரோட இருக்கார். வெளியில பெஞ்சுல உட்கார்ந்து டீ குடிக்கிறார்."

"அது அவர் சொந்த விஷயம்மா. செத்தவரை எழுப்புறது பதிமூணாம் லெவல் சக்தி. நீங்க எத்தனை?"

"பன்னிரண்டு சார். இன்னும் எத்தனை ஃபைல் பார்த்தா பதிமூணு ஆகலாம்? ராப்பகலா உட்கார்றேன்."

"ஆயிரம் பார்த்தாலும் ஆக முடியாது. உச்சவரம்பு பன்னிரண்டு. நானே பன்னிரண்டுதான்."

"ஏன் சார் அப்படி?"

"மேல போனா சக்தி ஜாஸ்தியாயிடும்மா. பதினாலுல சொந்தமா முடிவெடுக்கிறது, பதினாறுல தப்பை ஒத்துக்கிறது... விட்டா ஆட்டத்துல ருசியே இருக்காது."

"நான் தப்பை ஒத்துக்கிட்டுத்தானே சார் வந்திருக்கேன்?"

"அதைத்தான் நான் கேட்காத மாதிரி இருக்கேன். விதிமீறல்."

மாமா பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பார்க்கக் குமாஸ்தாவுக்கு அழுகை முட்டியது. கூட வந்திருந்த தையல்காரம்மாதான் இடுப்பில் கை வைத்து யோசித்தாள்.

"இவரை இந்தப் பக்கம் கொண்டாற முடியாது. சரி. என்னை அந்தப் பக்கம் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்ப போடு."

கல்யாணப் பிரிவு எழுத்தர் விதிப்புத்தகத்தை மூன்று முறை புரட்டினார். உயிரோடிருப்பவரும் இறந்தவரும் மணமுடிக்கக் கூடாது என்று இருந்தது. இருவரும் இறந்திருந்தால் தடையேதும் காணப்படவில்லை. பகடை உருட்டினார். பதினேழு. காலஞ்சென்ற இருவருக்கும் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குச் சீரும் சிறப்புமாகக் கல்யாணம் நடந்தது.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. புதுத் தம்பதி வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வரவில்லை. புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரவில்லை. மூன்று நகலோடு நேரில் வா என்று யாரும் கூப்பிடவில்லை. அக்கம்பக்கம் மூக்கில் விரல் வைத்தது. அடுத்த திங்கட்கிழமை இறப்புப் பிரிவு வாசலில் வரிசை நின்றது. "குடும்பத்தோட சேர்த்துப் போட்டா சலுகை உண்டா?" என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு மாதத்தில் ஊரே ஒப்புக்குச் செத்துவிட்டு நிம்மதியாகக் கடை கண்ணி, சினிமா என்று சுற்றிக்கொண்டிருந்தது.

நிலுவை மனு பூஜ்யம், புகார் பூஜ்யம் என்று அறிக்கை போனது. தலைமையகம் பூரித்துப்போனது. பரிசாக உச்சவரம்பை இருபதுக்கு உயர்த்தி உத்தரவு வந்தது. சேர்ந்து கிடந்த புள்ளிக்கெல்லாம் ஒரே நாளில் லெவல் ஏறியது.

குமாஸ்தா செருப்புகூடப் போடாமல் மாமாவின் கடைக்கு ஓடினாள். "மாமா! பதிமூணு வந்தாச்சு! இப்பவே உயிர் கொடுத்துடறேன்!"

மாமா ஃபேனைக் கீழே வைத்தார். "ஏம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

உள்ளேயிருந்து, இப்போது அத்தையாகிவிட்ட தையல்காரம்மாவும், "அவளைக் கிட்ட விடாதீங்க!" என்று கத்தினாள்.

வாடிய முகத்தோடு திரும்பி வந்தால், கவுண்டருக்கு வெளியே இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். கையில் பூர்த்தி செய்த மரணப் படிவம். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன சார் இது? இப்பதானே உங்களுக்கு இருபது லெவல் வந்திருக்கு!"

"அதாம்மா பயம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "இனிமே முடிவை நானே எடுக்கணுமாம். என் கையெழுத்துல. சீக்கிரம் போட்டுடுங்க."

"வரிசையில வாங்க சார்," என்றாள் குமாஸ்தா. "உங்களுக்கு முன்னாடி மொத்த ஸ்டாஃபும் படிவம் கொடுத்திருக்காங்க. கட்டுல மேல இருக்கிறது என்னோடது."