இருபுறமும் நட்சத்திரம்

நிர்வாகக் கலையின் உச்சம் அமைதி. அந்த உச்சியில் கொடி நட்ட முதல் மனிதர், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இறால் பதப்படுத்தும் ஒரு கம்பெனியின் மேனேஜர் ஜனார்தனன் என்பதை உலகம் இன்னும் உணரவில்லை.

அவருடைய லட்சியம் ஒன்றே: தலைமையகம் தரும் 'புகாரற்ற ஆலை' கேடயம். குறுக்கே நின்றவள் பாதுகாப்பு அலுவலர் குணசுந்தரி.

"சார், கம்ப்ரசர் ரூம் வால்வுல அமோனியா கேஸ் லீக்காவுது சார். ஆபரேட்டர் அரசப்பண்ணன் கண்ணு எரிஞ்சிக்கினு நிக்கிறாரு."

"வாய்ல சொன்னா எப்டிம்மா? மெயில்ல போடு. சிஸ்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

போட்டாள். தினமும் போட்டாள். கேடயம் கைநழுவுமோ என்று மேனேஜருக்குச் சோறு இறங்கவில்லை. கம்ப்யூட்டர் பிரிவு அன்புசெல்வன்தான் ஞானோபதேசம் செய்தான்: மெயில் ஃபில்டரில் ஒரு சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டு வைத்தால், அச்சொல் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அந்த மெயில் நேரே குப்பைக்குப் போய்விடும்.

மேனேஜர் '*லீக்*' என்று போட்டார். லீக்கேஜ், லீக்காகிறது எல்லாம் ஒரே நாளில் ஒழிந்தன. வால்வையே மாற்றியதுபோல் இருந்தது. அவள் 'வாடை' என்று எழுதினாள். வாடைக்கும் இரண்டு நட்சத்திரம். 'மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறோம் சார்' என்று எழுதினாள். மூக்கை அவர் பொருட்படுத்தவில்லை. அவளால் தவிர்க்கவே முடியாத சொல் எது என்று தேடினார். கிடைத்தது: '*சார்*'.

அன்புசெல்வன் பதறினான். "அது வாணாம் சார்! இந்தக் கம்பெனில சார் போடாம யார் சார் மெயில் போடறாங்க?"

"நல்லதாப் போச்சு."

அன்றிலிருந்து இன்பாக்ஸ் துலக்கிய தாம்பாளமாக மின்னியது. தலைமையகம் அவரை 'சார்' என்று அழைப்பதில்லை. ஆகவே பாராட்டு மட்டும் தடையின்றி வந்தது. பின்னாலேயே கேடயமும்.

ஒரு மத்தியானம் வால்வு பிய்த்துக்கொண்டது. எல்லோரும் கேட்டுக்கு ஓடினார்கள். கண்ணாடி அறைக்குள், ஏசி குளிரில், மேனேஜர் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே ஈ காக்கை இல்லை. 'என்ன ஒழுங்கு!' என்று பூரித்தார்.

கதவு படாரென்று திறந்தது. முகத்தில் ஈரத் துணியோடு குணசுந்தரி.

"யோவ் ஜனார்தனா! இன்னாய்யா குந்திக்கினு கீற? ஓடியா!"

அந்தச் செய்தி மட்டும் உடனே வந்து சேர்ந்தது.

கேட்டருகே, கண்ணைத் திறக்க முடியாத அரசப்பனை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். அதற்குள் அன்புசெல்வன் நட்சத்திரக் கதையைக் குணசுந்தரியிடம் கொட்டிவிட்டிருந்தான். கேடயத்தை இடுக்கிக்கொண்டு, இருமலுக்கு நடுவே மேனேஜர் கேட்டார்:

"ஏம்மா, முன்னாடியே ஒரு மெயில் போட்டிருக்கக் கூடாதா?"

"போட்டேன்யா. ஒவ்வொரு தபாவும் மரியாதையாப் போட்டேன். அதான் உனக்கு வந்து சேரல."