பிரிண்ட் போட்ட மவுத்பீஸ்

எனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். குழாயில் நேரத்துக்குத் தண்ணீர் வந்தால்கூட மோந்து பார்க்கிற ஆள். (பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதும் இதனால்தான். பூமி சுற்றுகிறது என்றார் வாத்தியார்.)

ராஜபாளையத்தில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறேன். என் மனைவியின் தங்கைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சில் கல்யாணம். “வேற செட்டுக்குச் சொல்லல மாப்ளே, உங்கள நம்பித்தான் இருக்கேன்” என்று மாமனார் என் கையைப் பிடித்தார். அந்த வாரம் பார்த்து, வாய் வைத்து ஊதுகிற பித்தளை மவுத்பீஸ் கீழே விழுந்து விளிம்பு நசுங்கியது. ஊதினால் உதட்டைக் கிழித்தது.

மச்சினன் ஜெபராஜ் ஒரு பட்டறையில் திரீடி பிரிண்டர் ஓட்டுகிறான். “அளவெடுத்துப் பிரிண்ட் போட்டுருவோம் அத்தான். இனிமே வால்வு, குழலு எல்லாமே இப்படித்தான் வரப்போவுது” என்றான்.

“தட்டாம, கடையாம, அச்சடிச்சா?”

“ஆமா. சோளத்துல செஞ்ச பிளாஸ்டிக்கு.”

சோளமா? எலி தின்றுவிட்டால்?

கறுப்பாக, கனமே இல்லாமல் வந்தது. ஊதினேன். பழையதைவிடச் சுத்தமாகப் பேசியது. எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம். விசேஷ வீட்டில் ஊதுமுன் மவுத்பீஸைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுப்போம். கல்யாணத்தன்று காலை சமையல்காரரிடம் வெந்நீர் வாங்கினேன். பிளாஸ்டிக்கில் என்ன விஷமோ என்று கூடுதலாகச் செத்த நேரம் ஊறவிட்டேன். துணியால் இறுக்கித் துடைத்துக் குழலில் சொருகினேன். (கொழகொழவென்றுதான் இருந்தது. உலகத்தையே சந்தேகப்படுகிறவன் அதை மட்டும் சந்தேகப்படவில்லை.)

பெண் காரிலிருந்து இறங்கினாள். பாட்டின் முதல் அடியை நான் தனியாக ஊத வேண்டும். ஊதினேன். ஆட்டுக்குட்டி தும்மியது போல ஒரு சத்தம். பெண் எடுத்த காலை அப்படியே நிறுத்தினாள்.

“ஊதுங்க மாப்ளே!”

“ஊதிட்டுத்தான் இருக்கேன் மாமா!”

ஜெபராஜ் ஓடி வந்து பார்த்தான். ஓட்டை கோணி, அடைந்து, அப்படியே ஆறி இறுகியிருந்தது.

“அத்தான், வெந்நியில போட்டியளா? இது சூடு பட்டா இளகிருமே!”

“ஏலே, அத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“மவுத்பீஸப் போயி அவிப்பியன்னு நான் கண்டனா?”

மெட்டு எடுக்க என்னை விட்டால் செட்டில் ஆளில்லை. கடைசியில் டிரம்ஸ் மட்டும் அடிக்க, பெண் லெஃப்ட் ரைட் போட்டபடி உள்ளே போனாள். மாப்பிள்ளை பட்டாளத்துக்காரர். சத்தம் கேட்டதும் விறைத்து நின்றவர், பாதிரியார் தோளைத் தொட்ட பிறகுதான் இளகினாராம். மாமனார் அன்று என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

ஜெபராஜ் இப்போது சூடு தாங்குகிற சரக்கில் வேறொன்று போட்டுக் கொடுத்திருக்கிறான். நன்றாகத்தான் பேசுகிறது. நான் நம்பவில்லை.

மாமனார் வீட்டில் நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பினால் போதும், அன்று லெஃப்ட் ரைட் போட்ட கொழுந்தியாள் அடுப்படியிலிருந்து கத்துவாள்: “அக்கா, அத்தானுக்குப் பச்சத்தண்ணியே வையி! வெந்நி ஊத்துனா கோணிருவாவ!”