கல்யாணப் படத்தில் இல்லாதவள்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் தங்கையும் நலம். அதுதான் பிரச்சினை.

அவள் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுமீறிச் சுரப்பதும், அதை அடக்க மாத்திரை தொடங்கியதும் உங்களுக்குத் தெரியும். நோய்க்கு முந்தைய படம் ஒன்று வேண்டுமென்றார் டாக்டர். கல்யாணப் படத்தை நீட்டினேன். உருண்டை முகம், சிவந்த கன்னம். நான் சொக்கிப்போன முகம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், இதுவும் நோய்தான்."

ஆக, நான் கைப்பிடித்தது கார்டிசாலை.

மாத்திரை நன்றாக வேலை செய்கிறது மச்சான். முதலில் கன்னம் போனது, பிறகு பிடரியில் இருந்த திமில் கரைந்தது, இப்போது தாடையில் ஓர் எலும்பு தெரிகிறது, இத்தனை நாள் அது எங்கே இருந்ததோ, அவள் செல்போனே அவள் முகத்துக்குத் திறக்க மாட்டேன் என்கிறது, ஆபீஸ் வாசல் மெஷினும் அவளை உள்ளே விடவில்லை, "மேடத்தோட தங்கச்சியா?" என்று செக்யூரிட்டி கேட்டாராம், இவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாளாம். ஏன்டி அப்படிச் சொன்னே என்றால், "சண்டை போடத் தோணலைங்க" என்கிறாள். உங்கள் தங்கைக்கு! பாத்திரம் பறக்காத வீட்டில் எனக்கு இருந்து பழக்கமில்லை. தூக்கமே வராதவள் இப்போது அசையாமல் தூங்குகிறாள். யார் வீட்டுப் பெண்ணோ தூங்குவதைப் பார்ப்பதுபோல் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நேற்று அவளே கேட்டுவிட்டாள். "என்னைப் பிடிக்கலையா? மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

நிறுத்தினால் எலும்பு நொறுங்கும், இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "சீ, பைத்தியமா உனக்கு?" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. இன்று காலை மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது.

உடனே புறப்பட்டு வாருங்கள். நோய்க்கு முன் அவளைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். முகத்தைப் பார்த்து, "இவதான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு அது போதும். அவளுக்கும்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் விசாரிப்பு. பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: இதுவரை எழுதியதை அவள் என் பின்னால் நின்று படித்திருக்கிறாள். கோபமே இல்லை. மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க. யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு."

"எனக்கு ஏதுங்க அண்ணன்?"

வர வேண்டாம் மச்சான். முதலில் நீங்கள் யாரென்று எழுதுங்கள்.